நைட்ரோ காரில் காபரேட்டர் ஆடுகிறதா? ஊசியைத் தொடமுன் இதைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பின் பால்கனிதான் என் பட்டறை. போயா லீவு வந்தால் நண்பர்களும் அவர்களுடைய தம்பிமாரும் ஷொப்பிங் பேக்கில் நைட்ரோ காரை, அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் சின்ன ரிமோட் காரை, போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, டியூன் நிற்குதில்லை."

போன மாதம் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஒரு தம்பியும் அதையேதான் சொன்னார். மூன்று கிழமையாக, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை அரைச் சுற்று திறப்பதும் கால் சுற்று மூடுவதுமாக இருந்திருக்கிறார். நான் ஊசியைப் பார்க்கவே இல்லை. காபரேட்டரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். தண்ணீர்க் குழாயின் பிடி மாதிரி இலேசாகத் திரும்பியது.

"அது கொஞ்சம் ஆடும்தானே அண்ணா?"

"வேகத்தைக் கூட்டும் த்ரொட்டில் கை ஆடலாம் தம்பி. காபரேட்டர் ஆடக்கூடாது."

காபரேட்டரின் கழுத்து எஞ்சினுக்குள் இறங்கும் இடத்தில் இடைவெளி இருந்தால், எயார் ஃபில்டர் வழியாக வராத காற்று அந்த வழியாக உள்ளே போகும். எரிபொருள் அதே அளவுதான் வரும், காற்று மட்டும் கூடும். எஞ்சின் லீனாக ஓடும். அந்த இடைவெளியும் ஒரே அளவில் இருப்பதில்லை. கார் குலுங்கக் குலுங்க, சூடேற ஏற மாறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட எஞ்சினை எந்த ஊசியாலும் டியூன் பண்ண முடியாது. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் முதல் வேலை கழுத்தைப் பார்ப்பதுதான்.

## முதலில் செய்ய வேண்டியது

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். தாங்கியில் உள்ள எரிபொருளை வெளியே எடுத்துவிடுங்கள். நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு மெதனோல். அது நஞ்சு, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். கையுறை போடுங்கள். குசினியில் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

அப்புறம் கழுவுங்கள். அழுக்கோடு இருக்கும் எஞ்சினில் கசிவு தெரியாது. எயார் ஃபில்டரைக் கழற்றாமலே, பழைய பல் துலக்கும் பிரஷில் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டுக் கழுத்தைச் சுற்றித் தேயுங்கள். மண் உள்ளே விழுந்தால் நீங்கள் திருத்த வேண்டியது காபரேட்டரை அல்ல, பிஸ்டனை.

இனிக் கைச் சோதனை. ஒரு கையால் எஞ்சினையும், மற்றக் கையின் இரண்டு விரலால் காபரேட்டரின் உடலையும் பிடியுங்கள். த்ரொட்டில் கையைப் பிடிக்காதீர்கள், அது எப்படியும் ஆடும். மூன்று விதமாக அசைத்துப் பாருங்கள்: இடம் வலமாகத் திருப்புதல், மேலே இழுத்தல், முன் பின்னாகச் சாய்த்தல். மூன்றிலும் கல் மாதிரி நிற்க வேண்டும். திருப்பினால் நிற்கும், சாய்த்தால் மட்டும் மயிரிழை ஆடும் காபரேட்டர்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது. திருப்பிப் பார்த்ததோடு விட்டுவிடுவார்கள்.

## அறிகுறி: காபரேட்டர் கையோடு திரும்புகிறது, ஆடுகிறது

### பிடிப்பு ஆணி தளர்ந்திருக்கலாம்

செலவே இல்லாத காரணம். பெரும்பாலும் இதுதான்.

உங்கள் எஞ்சினில் பிடிப்பு எப்படி என்று முதலில் பாருங்கள். அதிகம் காண்பது குறுக்கு ஆணி. எஞ்சினின் அலுமினிய உடலான கிராங்க் கேஸின் குறுக்கே ஒரு சின்னக் கம்பி போகும். அதன் ஒரு பக்கம் பிறை வடிவில் வெட்டியிருக்கும், மறு முனையில் நட்டு. நட்டை இறுக்க, அந்தப் பிறை வந்து காபரேட்டரின் கழுத்தைக் கடித்துப் பிடிக்கும். சில எஞ்சின்களில் இரண்டு பக்கமும் தலையில்லாச் சிறு திருகாணி இருக்கும். அப்படியானால் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்க வேண்டும்.

பலர் செய்யும் தவறு, ஆடும் காபரேட்டரை இருந்த இடத்திலேயே வைத்து ஆணியை மட்டும் இறுக்குவது. ஆட்டம் நிற்கும், காற்று நிற்காது. ஏனென்றால் தளர்ந்த காபரேட்டர் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும். கழுத்தின் அடியில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் நசுங்கினால்தான் காற்றை அடைக்கும். ஆகவே ஒருமுறை முழுதாகத் தளர்த்தி, கீழே அழுத்தி, பிறகுதான் இறுக்க வேண்டும்.

எரிபொருள் குழாயைக் கழற்றுங்கள். த்ரொட்டில் கம்பியையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் கைபேசியில் மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் இருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள். நட்டைத் தளர்த்துங்கள். 3 மி.மீ. ஆணி என்றால் நட்டுக்கு 5.5 மி.மீ. சாவி சரியாக இருக்கும். நட்டு தளர்ந்தும் காபரேட்டர் வரவில்லையென்றால் பிறை இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறது. குறடால் பிடித்து இழுக்காதீர்கள். நட்டை ஆணியின் நுனிக்குச் சமமாக வரும்வரை திருப்பிவிட்டு, அதன் மேல் ஸ்குரூ ட்ரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்ல ஒரு தட்டு. 'டொக்' என்று ஆணி பின்னால் போகும், காபரேட்டர் தானாகக் கழன்று கைக்கு வரும். நட்டைக் கழற்றிவிட்டு வெறும் நுனியில் தட்டினால் புரி நசுங்கிவிடும், பிறகு நட்டு ஏறாது.

எடுத்த உடனே எஞ்சினின் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். கழுத்தையும் அது இறங்கும் குழியையும் துடையுங்கள். ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் பூசுங்கள். பிறையின் வெட்டுப் பக்கம் கழுத்தைப் பார்க்கிறதா என்று குழிக்குள் எட்டிப் பாருங்கள்.

இனிப் பொருத்துதல். காபரேட்டரை இறக்கி, த்ரொட்டில் கை கம்பிக்கு நேராக வரும்படி திருப்பி, பெருவிரலால் கீழே அழுத்துங்கள். சும்மா தொட்டுக்கொண்டிருப்பது போதாது, விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டும். ரப்பர் நசுங்கி உட்காருவது விரலுக்கே தெரியும். அந்த அழுத்தத்தை விடாமல் மற்றக் கையால் ஆணியை இறுக்குங்கள். மூன்றாவது கை இல்லாததால் இந்த இடத்தில் நான் மகளைக் கூப்பிடுவேன், அவர் அழுத்துவார், நான் இறுக்குவேன். விரலை எடுத்ததும் காபரேட்டர் மேலே எழும்பினால் மறுபடியும் முதலில் இருந்து.

எவ்வளவு இறுக்குவது? சாவியை நுனியில் பிடித்துத் தொங்காதீர்கள். எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு விரல் பலம். அலன் கீ என்றால் நீளப் பக்கத்தைத் துளைக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தைத் திருப்புங்கள். முதல் தாங்கி எரிபொருள் ஓட்டி, எஞ்சின் ஆறிய பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அநேகமாக இன்னும் கொஞ்சம் திரும்பும், ரப்பர் சூட்டில் அடங்கியிருக்கும்.

### ஆணி இறுக்கம், ஆனாலும் ஆடுகிறது

இங்கே மூன்று காரணம். ஆணி தலைகீழாகப் போடப்பட்டிருக்கலாம், பிறை வேறு பக்கம் பார்த்தால் நட்டு எவ்வளவு இறுகினாலும் பிடி இருக்காது. கழற்றித் திருப்பிப் போட்டால் சரி. அல்லது ஓ-ரிங் தட்டையாகிவிட்டது. அல்லது ஓ-ரிங்கே இல்லை. சிரிக்க வேண்டாம், கைமாறி வரும் கார்களில் இதைக் கண்டிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் கழுவும்போது தொலைத்திருப்பார், வாங்குகிறவரிடம் சொல்லமாட்டார்.

நல்ல ஓ-ரிங்கின் வெட்டுமுகம் வட்டமாக இருக்கும். விரலில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சப்பையாகி உருள மறுத்தாலோ, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலோ, சிறு வெட்டு தெரிந்தாலோ மாற்றுங்கள். எஞ்சின் தயாரிப்பாளரின் ஓ-ரிங் கிடைத்தால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் பார்சல் வரும்வரை காரை அலுமாரியில் வைத்திருக்க யாருக்குப் பொறுமை? பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் போங்கள். அளவைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போகாமல் காபரேட்டரையே கொண்டுபோங்கள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து நாலைந்தைப் போட்டுப் பார்த்துத் தருவார். கழுத்தில் இறுக்கமாக உட்காருவதாகவும் பழையதைவிடத் தடிப்பில் மயிரிழை கூடியதாகவும் எடுங்கள். இரண்டு மூன்று வகை வாங்குங்கள், விலை ஒரு பிளேன்டீ அளவுகூட வராது.

வாங்கியதை உடனே போடாதீர்கள். அங்கே விற்பது பெற்றோலுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் செய்தவை, நைட்ரோ எரிபொருளுக்கு எல்லாம் தாக்குப்பிடிக்கும் என்றில்லை. மூடியுள்ள சின்னப் போத்தலில் கொஞ்சம் எரிபொருள் ஊற்றி ஓ-ரிங்கை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பருத்திருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, எரிபொருளின் நிறம் கறுத்திருந்தாலோ அதை எறிந்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

சிலிக்கன் கஸ்கட் பசை போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். போடலாம், தற்காலிகமாக. காபரேட்டரைப் பொருத்தி இறுக்கிய பிறகு, ஸ்பிரிட்டால் துடைத்த மூட்டைச் சுற்றி வெளியே மெல்லிய ஒரு வளையம். 24 மணி நேரம் காயவிட வேண்டும். கழுத்தில் பூசி உள்ளே இறக்காதீர்கள். பிதுங்கிய பசை காய்ந்து உரிந்தால் நேரே எஞ்சினுக்குள் போகும். என் கணிப்பு: ஓ-ரிங் நன்றாக இருந்தால் பசை தேவையில்லை, ஓ-ரிங் மோசமென்றால் பசை இரண்டு கிழமைக்கு மேல் தாங்காது.

### ஆணியோ நட்டோ சுற்றிக்கொண்டே இருக்கிறது

புரி போய்விட்டது. புரி ஆணியிலா நட்டிலா கேஸிலா என்பதைப் பொறுத்துத்தான் செலவு. குறுக்கு ஆணி என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, ஆணியையும் நட்டையும் சோடியாக மாற்றினால் முடிந்தது. கேஸில் வெட்டிய புரி போனால் அலுமினியம் உரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆணியைக் கழற்றிப் பாருங்கள், புரிப் பள்ளத்தில் வெள்ளி நூல் மாதிரிச் சுருள் ஒட்டியிருந்தால் அதுதான்.

நானும் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். நீளப் பிடியுள்ள சாவி புதிதாக வாங்கிய நாள். 'இன்னும் கொஞ்சம்' என்று திருப்பினேன். ஒரு கணம் இறுகியது, அடுத்த கணம் வெண்ணெயில் கத்தி மாதிரி இலேசாகிவிட்டது. அந்த எஞ்சினுக்கு லேத் பட்டறைதான் கதி. இதை வீட்டில் பெரிய ஆணி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: ஆடவில்லை, ஆனால் கழுத்தடி எண்ணெய்ப்பசையாக இருக்கிறது

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம். எரிபொருள் மேலே கசிந்து கீழே வடிந்தாலும் கழுத்தடியில்தான் தேங்கும்.

நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். டிஷ்யூவைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒன்றைக் கழுத்தைச் சுற்றியும், ஒன்றை எரிபொருள் குழாய் ஏறும் முனையிலும், ஒன்றை உயர்வேக ஊசியின் அடியிலும் வையுங்கள். எஞ்சினை இயக்காமல், தாங்கியில் எரிபொருள் ஊற்றி, குழாயை மாட்டி, சைலன்சரில் இருந்து தாங்கிக்கு வரும் அழுத்தக் குழாயைக் கழற்றி வாயால் மெதுவாக ஊதுங்கள். உறிஞ்சிவிடாதீர்கள். முனையில் நனைந்தால் அதன் வாஷர், ஊசியடியில் நனைந்தால் ஊசியின் சின்ன ஓ-ரிங். இரண்டும் காய்ந்திருந்து, பிறகு எஞ்சினை ஓட்டும்போது மட்டும் கழுத்தடி நனைந்தால், மேலே சொன்ன கழுத்து ஓ-ரிங் வேலைதான். டிஷ்யூவை எடுத்துவிட்டுத்தான் எஞ்சினை ஓட்ட வேண்டும். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் ஐடிலில் கழுத்தைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் வெடிப்பதைப் பார்த்தால் வேறு சாட்சி தேவையில்லை.

## அறிகுறி: ஐடில் ஏறி இறங்குகிறது, வேகம் விட்டதும் இறங்க மறுக்கிறது

முழு வேகத்தில் போய்விட்டு விசையை விடுகிறீர்கள், எஞ்சின் இரண்டு மூன்று விநாடி கத்திக்கொண்டே இருந்துவிட்டுத்தான் அடங்குகிறது. அல்லது நின்ற இடத்தில் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குகிறது. காற்றுக் கசிவின் கையெழுத்து இது.

எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கழுத்தின் மூட்டில் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். தையல் மெசின் எண்ணெய் போதும். எரிபொருளையோ தெளிப்பான் வகைகளையோ சூடான எஞ்சினில் அடிக்க வேண்டாம், தீப்பற்றும். சொட்டு விட்டதும் ஐடில் மாறினால் கசிவு அங்கேதான். மாறவில்லையா, அப்போது இந்த வரிசையில் போங்கள்.

எயார் ஃபில்டரைக் கழற்றி, விசையைத் தொடாமல் காபரேட்டர் வாய்க்குள் பாருங்கள். திறப்பு 0.5 முதல் 1 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைவிடக் கூட என்றால் கசிவல்ல, ஐடில் திருகாணியோ கம்பியோதான்.

அடுத்து எரிபொருள் குழாய். ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று குடிக்கும். குழாயை மடித்து மடித்து, தாங்கியின் முனையிலும் காபரேட்டரின் முனையிலும் உள்ள கடைசி ஒரு அங்குலத்தை வடிவாகப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் வரும். சந்தேகமென்றால் மாற்றுங்கள். பெற்றோல் குழாய் வேண்டாம், இதற்குச் சிலிக்கன் குழாய்தான். தாங்கியின் மூடியில் உள்ள ரப்பரையும் பாருங்கள்.

பிறகு எஞ்சினின் பின்தட்டு. நான்கு ஆணியையும் மூலைக்கு மூலை இறுக்கிப் பார்க்கலாம். கடைசியாக முன் பெயரிங். ஃப்ளைவீலுக்குப் பின்னால் சேசிஸில் எண்ணெய் வட்டமாகத் தெறித்திருந்தால் சந்தேகம் அதன்மேல். அதை மாற்ற எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும், முன்பு செய்யாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் நன்றாக ஓடிய கார் நுவரெலியாவில் இழுக்கவில்லை என்றால் அது பழுதல்ல. அங்கே 1,868 மீற்றர் உயரம், காற்று மெலிவு. ஊசியைக் கொஞ்சம் மூட வேண்டும், திரும்பி இறங்கியதும் மறக்காமல் திறக்க வேண்டும். ஊசியை நியாயமாகத் தொடும் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

## அறிகுறி: திடீரென்று கத்திக்கொண்டு கட்டுமீறி ஓடுகிறது

முதலில் நிறுத்துங்கள், காரணம் பிறகு. ரிமோட்டை அணைக்காதீர்கள், அதனால் பயன் இல்லை. த்ரொட்டில் மூடியிருந்தாலும் வேறு வழியால் காற்று போய்க்கொண்டிருக்கலாம். பிரேக்கைப் பிடித்தபடி காரை எட்டி, தடித்த துணியால் புகைக் குழாயின் முனையை அடையுங்கள். அல்லது எரிபொருள் குழாயை நசுக்குங்கள். நசுக்கினால் அடங்குமுன் இன்னும் ஒருமுறை உச்சத்துக்குக் கத்தும், பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். சக்கரங்களில் விரல் படக்கூடாது.

எனக்கு இது ஒருமுறை நடந்தது ஒரு வெறும் வாகனத் தரிப்பிடத்தில். கார் மதிலில் மோதி நின்றது, காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் கை ஒன்று உடைந்ததோடு போயிற்று. காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு நடுவே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு, எங்கே போனாலும் முதல் தடவை இயக்குமுன் கைச் சோதனை செய்யாமல் காரைத் தரையில் வைப்பதில்லை.

காரணங்கள்: காபரேட்டர் முழுதாகக் கழன்று சாய்ந்திருக்கலாம், த்ரொட்டில் கம்பி கழன்றிருக்கலாம், திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் போயிருக்கலாம், ரிசீவர் பற்றரி இறங்கியிருக்கலாம். எரிபொருள் தீரும் தறுவாயிலும் லீனாகிக் கத்தும், அது பழுதில்லை.

## அறிகுறி: எஞ்சின் கொதிக்கிறது, குளோ பிளக் அடிக்கடி போகிறது

எஞ்சின் தலையில் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைச் சுற்றி 105 முதல் 125 பாகை செல்சியஸ் வரை பெரும்பாலான எஞ்சின்களுக்குச் சரி. அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த நெற்றி வெப்பமானி உதவாது, அது உடம்புச் சூட்டை மட்டுந்தான் அளக்கும். எதுவுமே இல்லாவிட்டால் எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 3 முதல் 5 விநாடிக்குள் சீறி ஆவியானால் நல்லது. விழுந்த உடனே துள்ளித் தெறித்தால் சூடு அதிகம்.

சூடு அதிகமென்றால் கழுத்து, குழாய், தாங்கி என்ற அதே வரிசை. எல்லாம் சரியென்றால் மட்டும் உயர்வேக ஊசியைக் கொஞ்சம் திறங்கள். எரிபொருளையும் சந்தேகியுங்கள். மெதனோல் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், கொழும்பின் ஈரக்காற்றில் மூடி சரியாக மூடாத டின் கெதியாகக் கெட்டுவிடும்.

## அறிகுறி: திருத்திய பிறகு புகை தள்ளுகிறது, இழுக்காமல் நின்றுவிடுகிறது

இதற்குத்தான் ஆட்கள் திரும்ப வந்து "அண்ணா, நீங்கள் கைவைத்தபிறகுதான் மோசம்" என்பார்கள். கசிவு இருந்த நாட்களில் அதை ஈடுகட்ட ஊசியைத் திறந்து திறந்து வைத்திருப்பீர்கள். இப்போது கசிவு அடைபட்டது, எரிபொருள் மட்டும் அளவுக்கு மிஞ்சி வருகிறது. எஞ்சினோடு வந்த கையேட்டில் உள்ள தொழிற்சாலை அளவுக்கு உயர்வேக, குறைவேக ஊசி இரண்டையும் கொண்டுவாருங்கள். ஊசியை மூடி எண்ணும்போது அடியில் தட்டியதும் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசி முனை தேயும். அங்கிருந்து கடிகாரத்தில் ஒரு மணி இடைவெளி அளவு மட்டும் மூடி, ஒரு சுற்று ஓட்டி, சூடு பார்த்து, மறுபடி ஒரு மணி.

## அறிகுறி: த்ரொட்டில் கை முழுதாகத் திரும்புவதில்லை

காபரேட்டரை ஓரிரு பாகை கோணலாகப் பொருத்திவிட்டீர்கள். முன்பு எடுத்த படத்தைப் பாருங்கள். கம்பி நேராக, எங்கும் உரசாமல் போக வேண்டும். கம்பியை இழுக்கும் சின்ன மோட்டரான சேர்வோவில் இருந்து அதைக் கழற்றி விரலால் தள்ளுங்கள். விரலுக்கு இலேசாகப் போய் வந்தால் பிழை கம்பியில். விரலுக்கும் சிக்கினால் காபரேட்டருக்குள் மண். பிடிப்பு ஆணியை மிதமிஞ்சி இறுக்கி, பிளாஸ்டிக் உடலுள்ள காபரேட்டர் நெளிந்து சிக்கியதையும் கண்டிருக்கிறேன்.

## அறிகுறி: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தளர்கிறது

ஆணிப் பசை, நீல நிறத்தது, நட்டின் புரியில் ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. பிளாஸ்டிக் உடலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக்குகள் அதனால் வெடிக்கும். புரியில் எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது, முதலில் ஸ்பிரிட்.

பசை போட்டும் தளர்ந்தால் எங்கோ அதிர்வு. எஞ்சினைச் சேசிஸில் பிடிக்கும் நான்கு ஆணிகளைப் பாருங்கள், ஒன்று தளர்ந்தாலே எஞ்சின் முழுக்க நடுங்கும். கிளச் பெல்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், தள்ளாடினால் அதன் பெயரிங். எயார் ஃபில்டர் பெரிதாக, பாரமாக இருந்து பாடியில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு குதிப்பிலும் அது காபரேட்டரை நெம்பிக்கொண்டிருக்கும். பாடியில் துளையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய பிறகு தளர்வதே நின்றுபோன கார் ஒன்று எனக்குத் தெரியும்.

## எப்போது கையை எடுக்க வேண்டும்

கேஸில் வெட்டிய புரி உரிந்துவிட்டால். கழுத்து இறங்கும் குழியின் விளிம்பில் வெடிப்புத் தெரிந்தால்; நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும். புது ஓ-ரிங், சரியான ஆணி, சரியான அழுத்தம் எல்லாம் இருந்தும் கழுத்து குழிக்குள் ஆடினால், குழியே தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது.

புரி மட்டும் என்றால் லேத் பாஸ் ஒருவர் துளையைப் பெருப்பித்து எஃகுச் சுருள் புரி வைத்துத் தருவார். செய்த பிறகு பழையதைவிடப் பலமாக இருக்கும். வெடிப்புக்கும் நீள்வட்டக் குழிக்கும் ஒட்டுவேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மெல்லிய அலுமினியம், வெல்டிங் சூட்டில் பெயரிங் இருக்கைகளும் கோணும். புதுக் கேஸ் வாங்கும் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் எஞ்சினே வாங்கலாமா என்று கணக்குப் பாருங்கள்.

லேத்துக்குக் கொண்டுபோகும்போது எஞ்சினை அப்படியே கொடுக்காதீர்கள். பிஸ்டன், கிராங்க், பெயரிங் எல்லாம் கழற்றிய வெறும் கேஸையும், கூடவே காபரேட்டரையும் ஆணியையும் கொடுங்கள். அளவை அதில் வைத்துத்தான் பார்ப்பார். நான் கெடுத்த அந்த எஞ்சினுக்கு வேலை அருமையாகத்தான் செய்து தந்தார்கள். அவசரத்தில் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டப்போனேன். கடைசி நேரம் ஏதோ தோன்றி, கேஸை மார்ஜரின் பெட்டியில் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கினேன். பெட்டியின் அடியில் மினுமினுவென்று ஒரு சிட்டிகை அலுமினியத் தூள் படிந்திருந்தது. ஸ்பிரிட்டை மாற்றி மாற்றி நான்கு தடவை குலுக்கிய பிறகுதான் அடி தெளிந்தது.